கடைவீதியும் கணக்கு நோட்டும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா மேடையில் பேசுவோர் பெரும்பாலும் இலக்கியம் துறைபோகக் கற்றவர்கள். நாம் பள்ளி இறுதித் தேர்வோடு படிப்பை முடித்துக்கொண்டு ரயில்வே அலுவலகத்தில் பேரேடு எழுதி வருபவர். அதனால்தான் விழாக் குழுவினர் குறளையும் கம்பனையும் மற்றவர்களுக்குக் கொடுத்துவிட்டு, "நம் வட்டாரத்துக் கடைகளும் உணவு விடுதிகளும், அன்றும் இன்றும்" என்ற தலைப்பை எமக்கு ஒதுக்கினார்கள் போலும். நாள்தோறும் பையைத் தூக்கிக்கொண்டு போய்வரும் கடையைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்றுதான் முதலில் எண்ணினோம். எண்ண எண்ண, நம் குடும்பங்கள் இவ்வூரில் வேரூன்றிய வரலாறே அக்கடைகளோடு பின்னிக் கிடப்பது தெரிந்தது. தெரிந்தவற்றைச் சொல்லுகிறோம். இறுதியில் ஒரு வேண்டுகோளும் உண்டு. பொறுமையுடன் கேட்டருள வேண்டுகிறோம்.

நம் மாட்டுங்கா இன்று மும்பை மாநகரின் நடுவே இருப்பதுபோல் தோன்றுகிறது. ஆனால் அது புறநகராகவே பிறந்தது. 1896-ஆம் ஆண்டில் பம்பாயைப் பிளேக் நோய் சூறையாடியது. காற்றும் வெளிச்சமும் புகாத சந்துகளில் மக்கள் கொத்துக் கொத்தாக மடிந்தனர். அதன் பின்னர், 1898-ல், நகரைச் சீர்திருத்த ஒரு டிரஸ்ட் ஏற்படுத்தப்பட்டது. நெருக்கடி மிகுந்த தென்பகுதியிலிருந்து மக்களை வடக்கே குடியேற்றும் பொருட்டுத் தாதர், மாட்டுங்கா, வடாலா, சயான் ஆகிய இடங்களில் அகன்ற சாலைகளும் தோட்டங்களும் மாடிக் குடியிருப்புகளும் கொண்ட புறநகர்களை அது வகுத்தது. இன்று மகேசுவரி உத்தியானம் எனப்படும் கிங்ஸ் சர்க்கிள் தோட்டம் அக்காலத்து நகரமைப்பின் சின்னம். 1915-ல் ஜி.ஐ.பி. ரயில்வேயின் வண்டிப் பணிமனை மாட்டுங்காவில் அமைந்தது. நம்மில் பலருடைய தந்தையரும் பாட்டனாரும் அப்பணிமனையின் சங்கொலி கேட்டு எழுந்தவர்களே.

இப்புதிய புறநகருக்குத் தஞ்சையிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் நெல்லையிலிருந்தும் இளைஞர்கள் வந்தார்கள். கையில் பள்ளி இறுதிச் சான்றிதழ், தட்டெழுத்துப் பயிற்சி, ஒரு தகரப் பெட்டி ஆகியவையே அவர்களுடைய செல்வம். வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் ரயில்வேயும் அவர்களுக்கு வேலை கொடுத்தன. ஆனால் வேலை கொடுத்தவர்கள் சோறு கொடுக்கவில்லை. ஓர் அறையில் ஆறு பேர் படுத்தெழுந்த அந்நாளில் அடுப்பு மூட்ட இடமேது? இக்குறையைத் தீர்க்கத் தோன்றியவையே நம் வட்டாரத்துச் சாப்பாட்டு விடுதிகள்.

அவற்றின் வயதைக் கேட்டால் இளைஞர்கள் வியப்பார்கள். கிங்ஸ் சர்க்கிளின் மூலையில் நிற்கும் கூலர் அண்டு கம்பெனி என்னும் ஈரானியர் தேநீர்க் கடை 1932-ல் தொடங்கியது. கபே மைசூர் 1936-ல் தோன்றியது. ராம் ஆசிரயா 1939-ஆம் ஆண்டினது. கபே மெட்ராஸ் 1940-ஆம் ஆண்டினது. கபே மைசூரைத் தொடங்கிய ஏ. ராம நாயக் அவர்களே 1942-ல் மாட்டுங்கா ரயில் நிலையத்தை ஒட்டி உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங்கையும் ஏற்படுத்தினார். வாழை இலையில் சோறு பரிமாறும் அவ்விடுதி எண்பது ஆண்டுகளைக் கடந்தும் நடந்து வருகிறது.

இங்கே ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். 'தொடர் கடை' என்னும் சொல் நம் காதில் விழுவதற்கு நெடுங்காலம் முன்னரே உடுப்பி விடுதி ஒரு தொடராகப் பரவியிருந்தது. அதற்குத் தலைமை அலுவலகம் இல்லை. பங்குப் பத்திரம் இல்லை. தென் கன்னடத்திலிருந்து ஒருவர் வந்து பாத்திரம் துலக்குவார், பின்னர் பரிமாறுவார், அதன்பின் அடுப்படியைக் கற்பார், சில ஆண்டுகளில் தனிக் கடை வைப்பார். கடை வைத்ததும் ஊரிலிருந்து தம் உறவினர் பையன் ஒருவனை வரவழைப்பார். கடைதோறும் முதலாளி வேறு. ஆனால் மாவின் பக்குவமும் சாம்பாரின் மணமும் ஒன்று. கம்பெனிச் சட்டம் செய்யாததை ஊர்ப்பற்று செய்தது.

ஈரானியர் கடை மற்றொரு வகை. தெருமுனைக் கடை ஆகாது என்று மற்ற வணிகர்கள் தயங்கியபோது ஈரானியர் தெருமுனையிலேயே கடை வைத்தனர் என்பார்கள். வளைந்த நாற்காலி, பளிங்கு மேசை, வெண்ணெய் தடவிய பன் ரொட்டி, கெட்டித் தேநீர். ஒரு குவளைத் தேநீருக்கு ஒரு மணி நேரம் அமர்ந்திருந்தாலும் எழுந்து போகச் சொல்லாத இடம். வேலை தேடி வந்த எத்தனையோ பேர் அம்மேசைகளின்மேல் வைத்து விண்ணப்பங்கள் எழுதினார்கள்.

அரசாங்கத்தின் சார்பிலும் ஒரு தொடர் அந்நாளில் தோன்றியது. காப்பி விற்பனையைப் பெருக்க அமைந்த குழு 1936-ல் பம்பாய்ச் சர்ச்கேட்டில் முதல் இந்தியா காப்பி ஹவுசைத் திறந்தது. சில ஆண்டுகளில் அது நாடெங்கும் பல கிளைகளாகப் பரவியது. 1950-களின் நடுவில் காப்பி வாரியம் அவற்றை மூட முடிவு செய்து பணியாளர்களை வெளியேற்றியது. அப்போது ஏ. கே. கோபாலன் அவர்களின் வழிகாட்டுதலால் பணியாளர்களே கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்துக் காப்பி விடுதிகளை ஏற்று நடத்தினார்கள். முதற் சங்கம் 1957-ல் பெங்களூரில் அமைந்தது. மூடப்பட்ட கடையைப் பரிமாறிய கைகளே மீண்டும் திறந்த நிகழ்ச்சி அது.

உணவு விடுதி இவ்வாறிருக்க, பண்டங்கள் விற்கும் கடைகளைப் பார்ப்போம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் உணவுப் பங்கீடு வந்தது. அரிசிக்கும் சர்க்கரைக்கும் மக்கள் வரிசையில் நின்றனர். அந்தப் பங்கீட்டுக் காலத்தின் வாரிசாக, நம் அண்டையிலுள்ள நாய்காவில் 1948-ல், ஆலைத் தொழிலாளர்கள் பெரும்பாலோராய்க் கொண்ட நுகர்வோர் கூட்டுறவு ஒன்று பிறந்தது. அதுவே பின்னர் 'அப்னா பஜார்' என்று பெயர் பெற்றது. 1968-ல் அது பல்பொருள் அங்காடியாக வளர்ந்தது. அதே 1968-ல் 'சகாரி பண்டார்' என்னும் மற்றொரு கூட்டுறவுத் தொடரும் தோன்றியது. நம் தாய்மார்கள் அரிசியையும் பருப்பையும் விலைச்சீட்டுடன் அடுக்கி வைத்துக் கண்டது முதன்முதலில் இத்தகைய கடைகளில்தான். 1982 சனவரியில் டாக்டர் தத்தா சாமந்த் தலைமையில் ஆலை வேலைநிறுத்தம் தொடங்கியது. அதன் பின்னர் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட, ஆலைத் தொழிலாளரை நம்பியிருந்த அப்பகுதிக் கடைவீதிகளும் தளர்ந்தன. கடையின் வாழ்வு அதன் வாடிக்கையாளரின் வாழ்வோடு கட்டுண்டது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

1991-ல் பொருளாதாரக் கொள்கை மாறியது. அதன் பின்னர் புதிய தொடர்கள் புயலெனப் புகுந்தன. 1996-ல் மெக்டொனால்டு தில்லியிலும் மும்பையிலும் கடை திறந்தது. அதே ஆண்டில் கபே காபி டே பெங்களூரில் பிறந்தது. 1997-ல் சென்னைத் திருவான்மியூரில் சுபிக்ஷா தோன்றியது. 2001-ல் பிக் பஜார் வந்தது. 2002-ல் மும்பைப் புறநகரான பவாயில் டி மார்ட் தன் முதற் கடையைத் திறந்தது. குளிரூட்டிய கூடங்கள், தள்ளு வண்டிகள், குடியரசு நாளுக்கு மலிவு விற்பனை எனக் கடைக்குப் போவதே ஒரு திருவிழாவாயிற்று.

இவற்றின் கதியை நோக்குவோம். சுபிக்ஷா தமிழகத்தில் நிதானமாக வளர்ந்து, பின்னர் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் கடன் வாங்கி நாடெங்கும் 1,600 கடைகள் வரை விரிந்தது. நம் மும்பைக்கும் வந்தது. தமிழ்ப் பெயர்ப்பலகை போலக் கருதி நாமும் மகிழ்ந்தோம். 2009-ல் அது அடியோடு சாய்ந்தது. பணியாளருக்குச் சம்பளமில்லை, சரக்குக் கொடுத்தவருக்குப் பணமில்லை. பிக் பஜாரும் கடன் சுமையாலேயே வீழ்ந்தது. கடைகள் இருந்த கட்டடங்களின் குத்தகை மற்றொரு பெருநிறுவனத்தின் கைக்குப் போய்விட, 2022-ல் அப்பெயரே கடைவீதியிலிருந்து மறைந்தது. டி மார்ட்டோ இன்றும் நிற்கிறது. காரணம் மந்திரமன்று. பெரும்பாலும் சொந்தக் கட்டடத்தில் கடை வைத்தது, நிதானமாகப் பெருகியது, சரக்குக் கொடுத்தவருக்கு விரைவில் பணம் கொடுத்து அதனால் விலை குறைத்து வாங்கியது. பேரேடு எழுதும் எவருக்கும் இது விளங்கும். வரவுக்கு மேல் விரித்தவர் மடிந்தார். வரவுக்குள் விரித்தவர் நின்றார்.

நம் பழைய விடுதிகள் நிலைத்ததற்கும் காரணங்கள் உண்டு. 1947-ஆம் ஆண்டின் பம்பாய் வாடகைச் சட்டம் பழைய குடிகளுக்குக் காப்பாக இருந்தது. பதார்த்தங்கள் சில, அவை விரைவில் விற்றுத் தீரும். ஒருவர் எழுந்த நாற்காலியில் மறுகணமே இன்னொருவர் அமர்வார். முதலாளியோ அவர் மகனோ பணப்பெட்டியருகே அமர்ந்து இலையைக் கவனிப்பார். இன்றும் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் கபே மெட்ராஸ் வாயிலில் பெயர் கொடுத்துவிட்டு மக்கள் காத்து நிற்பதைக் காணலாம். அவர்களில் தமிழர் பாதியும் இரார். குஜராத்தியரும் மராத்தியரும் இரசம் வடையைச் சுவைக்கிறார்கள்.

இப்போது மூன்றாம் காலம். 2021 முதல் பத்து நிமிடத்தில் பண்டம் கொண்டுவரும் நிறுவனங்கள் வந்துள்ளன. அவற்றுக்குக் கடையே இல்லை. வாடிக்கையாளர் நுழையமுடியாத கிடங்குகள் மட்டுமே உள்ளன. கைப்பேசியில் விரல் வைத்தால் கொத்தமல்லித் தழை வாயிலில் வந்து நிற்கிறது. கொண்டுவரும் பிள்ளையின் முகத்தை நாம் பார்ப்பதில்லை. அவரும் நம் முகத்தைப் பார்க்க நேரமின்றி ஓடுகிறார்.

புதியதைப் பழிப்பதற்காக இவற்றைச் சொல்லவில்லை. பழையது எல்லாம் பொன் என்பதும் எம் கருத்தன்று. முன்னாளில் படியிலும் தராசிலும் குறை வைத்த கடைக்காரர்கள் இருந்தார்கள். உணவிடங்கள் பலவற்றில் சாதிக்கொரு பந்தி இருந்த காலமும் உண்டு. 1962-க்குள் மெட்ரிக் எடைகள் நாடெங்கும் நிலைபெற்றன. 1977-ல் பொட்டலப் பண்டங்களுக்கு விதிகள் வந்தன. 1990 முதல் வரிகள் உள்ளிட்ட அதிகபட்ச விலையைப் பொட்டலத்தின்மேல் அச்சிட வேண்டியதாயிற்று. தொடர் கடைகளில் யாரும் யாருடைய குலத்தையும் கேட்பதில்லை. மொழி தெரியாத நம் தாய்மார்கள் வாய் திறவாமலே தாமே பார்த்து எடுத்துக்கொள்ள முடிகிறது. கையில் ரசீது கிடைக்கிறது. இவை சிறிய நன்மைகள் அல்ல. நாமும் அங்கே போகிறோம்; இனியும் போவோம்.

ஆயினும் அக்கடைகளில் இல்லாத பொருள் ஒன்று உண்டு. அது எந்த அடுக்கிலும் கிடைக்காது. அதைப் பற்றிச் சொல்லவே இவ்வளவு நேரம் பேசினோம்.

1974-ஆம் ஆண்டு மே மாதம் 8-ஆம் நாள் ரயில்வேத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கியது. நாடெங்கும் ஏறத்தாழ 17 இலட்சம் பேர் அதில் ஈடுபட்டனர் என்பர். 27-ஆம் நாள் அது கைவிடப்பட்டது. இருபது நாள்தான். ஆனால் பல வீடுகளில் அதன் துன்பம் பல மாதங்கள் நீடித்தது. கைதானவர் பலர், வேலை நீக்கம் பெற்றவர் பலர். எம் தந்தையார் அப்போது பணிமனையில் பிட்டர். அவர் ஐந்து மாதம் வேலையின்றி இருந்தார். எம் மூத்த தமக்கையார் அப்போது கைக்குழந்தை. நாம் அப்போது பிறக்கவில்லை. எம் அன்னையார் சொல்லக் கேட்டதையே சொல்லுகிறோம்.

நம் காலனி வாயிலில் நெல்லைச் சீமையிலிருந்து வந்த ஒருவர் மளிகைக் கடை வைத்திருந்தார். பெரிய அண்ணாச்சி என்றே எல்லோரும் அழைப்பர். வேலை போன மறுவாரம் எம் அன்னையார் தலையைக் குனிந்துகொண்டு கடைக்குப் போய் அரைக் கிலோ அரிசி கேட்டாராம். அண்ணாச்சி வழக்கமாக மாதத்துக்கு நிறுக்கும் அரிசியையே நிறுத்துச் சாக்கில் கட்டினார். "தாயி, வேலைக்குத்தான் நிறுத்தம்; வயித்துக்கு ஏது நிறுத்தம்? நோட்டுல எழுதிக்கிடுதேன், போங்க" என்றார். ஐந்து மாதம் எழுதிக்கொண்டார். இக்காலனியில் அவ்வாறு அவர் எழுதிக்கொண்ட வீடுகள் பல. அவற்றின் பிள்ளைகள் இவ்வரங்கில் அமர்ந்திருக்கிறார்கள்.

வேலை திரும்பிய பின்னர் எம் தந்தையார் அக்கடனைப் பதினான்கு மாதங்களில் அடைத்தார். வட்டி என்ற பேச்சே எழவில்லை. கடைசித் தவணை கொடுத்த நாளில் பெரிய அண்ணாச்சி அப்பக்கத்தின் குறுக்கே கோடிட்டுவிட்டு, குழந்தைக்கென்று ஒரு பொட்டலம் கற்கண்டு கொடுத்தனுப்பினாராம். எம் தந்தையார் இறுதிவரை அந்தக் கற்கண்டை மறக்கவில்லை.

பெரிய அண்ணாச்சி காலமான பின்னர் அவர் மகன் கடைக்கு வந்தார். அவரே இன்றைய அண்ணாச்சி. 2020 மார்ச்சு மாதம் ஊரடங்கு வந்ததை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். மும்பையின் உயிர்நாடியாகிய புறநகர் ரயில்கள் நின்றன. சூன் 15-ஆம் நாளே இன்றியமையாப் பணியாளருக்காக அவை மீண்டும் ஓடின. எமக்கு மாதச் சம்பளம் வந்தது. ஆனால் தனியார் விடுதியில் வேலை பார்த்த எம் தம்பிக்கு வரவில்லை. அவர் மனைவி மக்களோடு எம் வீட்டில் வந்து தங்கினார். நான்கு பேர் உண்ட வீட்டில் எட்டுப் பேர் உண்டோம். அந்நாளில் கைப்பேசியில் பண்டம் கேட்டால் 'இடமில்லை' என்றே விடை வந்தது. பெருங்கடைகளின் வாயிலில் நீண்ட வரிசை நின்றது. அண்ணாச்சி பாதிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு, இருந்ததைப் பகிர்ந்து கொடுத்தார். பணம் இல்லாதவருக்கு நோட்டில் எழுதினார். எமது பெயரும் அந்நோட்டில் ஏறியது.

பிறகு நடந்ததைச் சொல்ல நாணமாக இருக்கிறது. ஆயினும் சொல்லத்தான் வேண்டும்.

சென்ற மாதம் நாம் அப்பளம் வாங்க அண்ணாச்சி கடைக்குப் போனோம். பல மாதங்களுக்குப் பின்னர் போனது அதுவே முதல் தடவை. அலமாரிகள் பாதி வெறுமையாக இருந்தன. பொங்கலுக்குப் பின் கடையை மூடிவிட்டு ஊருக்குப் போகப்போவதாக அண்ணாச்சி சொன்னார். மகன் புனாவில் கணினி வேலையில் இருக்கிறார். அவருக்குக் கடையில் நாட்டமில்லை. வியாபாரமும் முன்போல் இல்லை. பேச்சினிடையே மூன்று நோட்டுகளை எம் முன் வைத்தார். "நீங்க கணக்கு எழுதுதவுக. எனக்குக் கண்ணு சரியாத் தெரியலை. கொஞ்சம் கூட்டிக் கொடுங்க" என்றார்.

வீட்டுக்குக் கொண்டுபோய் இரவு முழுவதும் கூட்டினோம். நாற்பத்தொரு வீடுகளின் பாக்கி ரூ. 1,87,430 என்று வந்தது. பெரும்பகுதி 2020, 2021 ஆண்டுகளில் எழுதப்பட்டது. முப்பத்திரண்டாம் பக்கத்தைப் புரட்டினோம். அதில் எமது பெயர் இருந்தது. பாக்கி ரூ. 4,860.

அலுவலகத்தில் ஒரு ரூபாய் வித்தியாசம் வந்தால் அதைக் கண்டுபிடிக்காமல் எழுந்திராதவர் நாம். நமது பக்கத்தை நாமே மறந்திருந்தோம். மறந்தோம் என்பதும் முழு உண்மையன்று. தம்பிக்கு வேலை கிடைத்ததும் அடுத்த மாதம் தரலாம் என்று எண்ணினோம். அடுத்த மாதம் வேறு செலவு வந்தது. பாக்கி இருக்கும்போது வெறுங்கையோடு அண்ணாச்சி முகத்தில் விழிக்கக் கூச்சமாக இருந்தது. ஆகவே சர்க்கரைக்கு வேறிடம் போனோம், பிறகு எண்ணெய்க்கு, பிறகு எல்லாவற்றுக்கும். விலை மலிவு என்று பிறரிடம் சொன்னோம். எமக்கும் அவ்வாறே சொல்லிக்கொண்டோம். இரவில் அந்நோட்டின் முன் அமர்ந்தபோதுதான் உண்மை விளங்கியது. மலிவைத் தேடி நாம் அண்ணாச்சியை விட்டுப் போகவில்லை. பட்ட கடனுக்கு அஞ்சிப் போனோம். முகம் காட்டாமல் பண்டம் வாங்கும் வசதி புதிய கடைகளில் இருந்தது. அதுவே எம்மை அங்கே இழுத்தது.

மறுநாள் பணத்தோடு போய் எம் பாக்கியைத் தீர்த்தோம். "ஏன் அண்ணாச்சி, ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?" என்றோம். அவர் சிறிது நேரம் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு, "கேட்டா கடைப்பக்கம் வரமாட்டாகளேன்னு கேக்கலை. கேக்காமலும் வரலை" என்றார். அவ்வளவுதான் சொன்னார். எமது பக்கத்தின் குறுக்கே கோடிட்டார். அப்பளத்துக்குக் காசு வாங்க மறுத்தார், வற்புறுத்திக் கொடுத்தோம்.

பெரியோர்களே, தாய்மார்களே! பெருங்கடை சாய்ந்தால் பத்திரிகையில் செய்தி வருகிறது. வங்கிகள் வழக்குத் தொடுக்கின்றன. வாயிற்கடை சாய்ந்தால் கதவின்மேல் ஒரு பூட்டுத் தொங்குகிறது, அவ்வளவே. சுபிக்ஷா தான் வாங்கிய கடனால் சாய்ந்தது. பிக் பஜாரும் தான் வாங்கிய கடனால் சாய்ந்தது. நம் அண்ணாச்சி கடை அப்படிச் சாயவில்லை. அது கொடுத்த கடனால் சாய்கிறது. அக்கடன் நம்முடையது.

நாற்பது வீடுகள் மீதம் இருக்கின்றன. பெயர் எதையும் நாம் யாரிடமும் சொல்லமாட்டோம். அண்ணாச்சியும் சொல்லமாட்டார், இவ்வரங்கில் இதைப் பேச இசைந்தபோது அவர் எம்மிடம் வாங்கிக்கொண்ட உறுதிமொழி அது ஒன்றே. சில வீடுகளில் உண்மையிலேயே கொடுக்க முடியாத நிலை இருக்கலாம். அவர்களும் ஒரு முறை கடைக்குப் போய், முடியவில்லை என்பதை அவரிடமே சொல்லலாம். அவர் அதற்குச் சினப்பவர் அல்லர். முடிந்தவர்கள் பொங்கலுக்கு முன் போய்த் தீர்த்துவிடுங்கள். முழுவதும் முடியாதவர் தவணையாகக் கொடுக்கலாம். எம் தந்தையார் பதினான்கு மாதம் எடுத்துக்கொண்டார். அங்கே போனவுடன் ஒரு மாதத்து அரிசியையும் அவரிடமே வாங்குங்கள். பெருங்கடையில் இரண்டு ரூபாய் குறைவாகக் கிடைக்கலாம். அந்த இரண்டு ரூபாயை 1974-ஆம் ஆண்டின் கணக்கில் எழுதிக்கொள்ளலாம்.

இதனால் அண்ணாச்சி கடை மூடப்படாமல் நிற்குமா என்று கேட்டால், எம்மால் உறுதி கூற இயலாது. அவருக்கும் வயதாகிறது. நிற்காவிட்டாலும், ஊருக்குத் திரும்பும் மனிதர் நம் பெயர்கள் எழுதிய நோட்டைச் சுமந்துகொண்டு போகக் கூடாது. ஒவ்வொரு பக்கத்தின் குறுக்கேயும் கோடிட்டுவிட்டு, மனநிறைவோடு அவர் வண்டியேற வேண்டும்.

இளந்தோழர்களுக்கு ஒரு சொல். நீங்கள் நாளை எந்த ஊரில் எந்தக் கடையில் வாங்கினாலும் வாங்குங்கள். ஒரு கடையிலாவது உங்கள் முகமும் பெயரும் தெரிந்திருக்கும்படி வாழுங்கள். சம்பளம் நின்ற நாளில் 'போங்க, எழுதிக்கிடுதேன்' என்று சொல்ல ஒருவர் வேண்டும். அவர் அவ்வாறு சொன்னபின் அவர் முகத்தைத் தவிர்க்காமல் இருக்க நமக்குத் துணிவு வேண்டும்.

விழாவுக்கு அண்ணாச்சி வரவில்லை. கடையில்தான் இருக்கிறார். இரவு ஒன்பதரை வரை திறந்திருக்கும். இப்பேச்சு முடிந்தபின் சிற்றுண்டி உண்டு. அதன்பின்னும் நேரம் இருக்கும்.